பலகையின் நடுவில் சொல்லும் எண்

பிள்ளைகளே,

போன வாரம் நம் பிசியோ ஹாலுக்கு வந்தேன். உங்களில் யாரும் பார்க்கவில்லை. வேலையை விட்டு மூன்று மாதம் ஆகியும், நான் உள்ளே போட்டுக்கொள்ளும் ரப்பர் செருப்பு ஜன்னல் ஓரத்தில் கிடப்பதாக வாட்ச்மேன் சொன்னார். எடுத்துக்கொண்டு போகலாம் என்று வந்தேன். கதவருகே வந்தபோது உள்ளேயிருந்து குரல் கேட்டது. "இருபத்தாறு... இருபத்தேழு... விடாதீங்க ஐயா, இன்னும் மூணுதான்!" நல்ல கணீரென்ற குரல். என் மகளுடையது.

நான் உள்ளே வராமல் திரும்பிவிட்டேன். கோபம் ஒன்றும் இல்லை. அதே இடத்தில் நின்று, அதைவிடச் சத்தமாக, நானும் பதினெட்டு வருடம் எண்ணியவன்தான். பிறகு ஒரு நாள் எண்ணுவதை நிறுத்தினேன். கடைசி எட்டு வருடம் நான் யாருக்கும் எண்ணவில்லை. ஏன் என்று உங்களிடம் சொன்னதில்லை. அதைச் சொன்னால் என் தப்பைச் சொல்லியாக வேண்டும். வேலையில் இருக்கும்போது அதற்கு மனது வரவில்லை. இப்போது எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். மகளுக்குத் தனியாக, மற்ற மூவருக்குத் தனியாக என்று எழுத எனக்குத் தெரியாது. நான்கு பேரும் சேர்ந்து படியுங்கள்.

நான் பத்தாவது வரை படித்தவன். நீங்கள் எலும்புக்கும் தசைக்கும் பெயர் படித்து, பரீட்சை எழுதி வந்தவர்கள். அதனால் எந்தப் பயிற்சியை எப்படிச் செய்ய வைப்பது என்றெல்லாம் இதில் எழுதப்போவதில்லை. அது உங்கள் புத்தகத்தில் என்னைவிட நன்றாக இருக்கும். முதுகுத்தண்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மூன்று இடத்தில் தெரிந்துகொண்டதுதான்: நம் ஹாலில், பஸ்ஸில், ஜீயபுரத்தில் ஒரு வாழைத் தோப்பில்.

முதலில் பஸ்.

நம் மேடம் இந்த பிசியோ சென்டரை ஆரம்பித்தபோது அவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. எனக்கு முப்பத்தைந்து தாண்டியிருந்தது. அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் ஹெல்ப்பராக இருந்துவிட்டு, அது மூடிய பிறகு இங்கே அட்டெண்டராகச் சேர்ந்தேன். பாய் விரிப்பது, நோயாளியைப் பிடித்து உட்கார வைப்பது, இதுதான் வேலை. கொஞ்ச நாளில் மேடமே எனக்குச் சொல்லிக் கொடுத்துப் பயிற்சி செய்ய வைக்கும் வேலையையும் கொடுத்தார். அப்போது ஒரு நாள், "முதுகு உறுதியா இருக்கணும் உறுதியா இருக்கணும்னு எல்லார்கிட்டயும் சொல்றீங்களே மேடம், உறுதின்னா என்ன?" என்று கேட்டேன்.

"அண்ணே, நீங்க ஸ்ரீரங்கத்துலேர்ந்து எதுல வர்றீங்க?"

"பஸ்லதான்."

"கண்டக்டரைப் பாத்திருக்கீங்களா? பஸ் பாலத்துல ஏறுது, பிரேக் போடுறான், திரும்புறான். நம்ம எல்லாம் கம்பியப் பிடிச்சுத் தொங்குறோம். அவரு ஒரு கையில டிக்கெட், ஒரு கையில சில்லறை. எதையும் பிடிக்காம நிக்கிறாரு. விழுறாரா?"

"இல்ல."

"அதுதாண்ணே. நாளைக்கு நல்லாப் பாருங்க."

மறுநாள் பார்த்தேன். காவிரிப் பாலத்தில் பஸ் குலுங்கியபோது கண்டக்டரின் கால் கொஞ்சம் வளைந்தது. இடுப்பு ஒரு பக்கம் போய்த் திரும்பி வந்தது. தலை அங்கேயே நின்றது. புரிந்துவிட்டது என்று மேடத்திடம் சொன்னேன். பாதிதான் புரிந்திருந்தது. மீதிப் பாதி என் காதில் தினமும் விழுந்துகொண்டே இருந்தும் உறைக்கவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

அதற்கு நடுவில் ஒரு சின்ன விஷயம். என் முதல் தப்பு. லேத் பட்டறைக்காரர் ஒருவர் இடுப்பு வலியோடு வந்தார். மேடம் பெல்ட் கொடுத்து, இரண்டு வாரம் போடச் சொன்னார். பெல்ட்டைக் கட்டிவிடும்போது நான் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லிவிட்டேன்: "வலி இருக்கிற வரைக்கும் போட்டுக்கங்க." இரண்டு வருடம் கழித்து அவர் மறுபடி வந்தார். அதே பெல்ட், தோல் உரிந்து, நூல் தொங்கிக்கொண்டு. "நீங்க சொன்னபடி போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார். அதைக் கழற்றச் சொன்னோம். நட்ட நடு ஹாலில், பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லாத பஸ்ஸில் நிற்கிறவர் மாதிரி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். அவருடைய இடுப்பு தன் வேலையையே மறந்துபோயிருந்தது. நாம் போகிற போக்கில் சொல்லும் ஒரு வார்த்தையை அவர்கள் வருடக் கணக்கில் கட்டிக்கொண்டு அலைவார்கள் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

இனி சேகர்.

சேகர் ஜீயபுரத்தில் வாழைத்தார் ஏற்றும் செட்டில் ஒருவர். அப்போது நாற்பது வயது இருக்கும். தார் ஏற்றும்போது முதுகில் பிடித்துக்கொண்டு, கால் வரை மின்னல் மாதிரி வலி இறங்கி, பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். டிஸ்க் கொஞ்சம் பிதுங்கியிருக்கிறது, இப்போதைக்கு ஆப்பரேஷன் வேண்டாம், பயிற்சி செய்து பார்க்கலாம் என்று எழுதி அனுப்பினார்கள். காட்டூரில் தங்கை வீட்டில் தங்கிக்கொண்டு தினமும் நம் ஹாலுக்கு வருவார்.

முதல் நாளே அவர் கேட்டது ஒன்றுதான். "ஆயுத பூஜை லோடுக்கு ஏறிடுவேனா சார்?"

அந்தச் செட்டில் எட்டுப் பேர். எட்டுப் பேருக்கு மேல் வைத்துக்கொள்ள மாட்டார்கள், குறைந்தாலும் ஓடாது. ஒருவர் படுத்துவிட்டால் அவர் இடத்தைக் கொஞ்ச நாள் மற்றவர்கள் இழுத்துப் பிடித்து வைத்திருப்பார்கள். வருடத்தில் பெரிய லோடு ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம். அதற்குள் சேகர் வரவில்லை என்றால் வேறு ஆளைச் சேர்த்துவிடுவேன் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். சேர்த்தால் சேர்த்ததுதான். மறுபடி இடம் கிடைக்காது. சேகருக்கு வேறு வேலை தெரியாது. அது எனக்கும் தெரியும், மேடத்துக்கும் தெரியும்.

சொன்னதைச் செய்யும் ஆள் என்றால் அவரைப் போல ஒருவரை நான் பார்த்ததில்லை. முழங்கையை ஊன்றிக் குப்புற உடம்பைத் தூக்கிப் பிடிக்கும் பயிற்சி இருக்கிறதே, அதில் முதல் வாரம் பத்து எண்ணுவதற்குள் விழுந்தார். ஐந்தாவது வாரம் தொண்ணூறு. பக்கத்துப் பட்டறையில் கிரைண்டர் ஓடும் சத்தம் உங்களுக்குத்தான் தெரியுமே. அதற்கு மேல் கேட்க வேண்டும் என்று நான் தொண்டையைத் திறந்து எண்ணுவேன். எழுபத்தைந்து, எழுபத்தாறு... அவர் கழுத்து நரம்பு புடைத்திருக்கும். தாடை இறுகியிருக்கும். காது மடல் வரை சிவந்திருக்கும். தொண்ணூறு என்று நான் சொன்னதும் "ஹா..." என்று பாயில் விழுவார். ஹாலில் மற்றவர்கள் கை தட்டுவார்கள். உண்மையைச் சொன்னால், எனக்கும் சேர்த்துத்தான் தட்டினார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சிவந்த முகத்தை நான் உழைப்பு என்று படித்தேன். அதுதான் தப்பு.

ஆறாவது வாரக் கடைசியில் மேடம் கேட்டார். "அண்ணே, தினம் பாக்குறது நீங்கதான். சேகர் எப்படி இருக்காரு? அனுப்பலாமா?"

"தேக்கு மரம் மாதிரி இருக்காரு மேடம்."

"மரம் மாதிரியா?" மேடம் சிரித்தார். "மனுஷன் மாதிரி இருந்தாப் போதும்ணே. சரி, மணல் மூட்டையைத் தலையில வெச்சு நடக்க விட்டுப் பாருங்க. கஷ்டம் இல்லன்னா, வேலைக்குப் போகலாம்னு எழுதின லெட்டர் என் மேசையில இருக்கு, குடுத்துடுங்க."

மூட்டையை வைத்து ஹாலின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடக்க விட்டேன். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நேராக நடந்தார். அப்போதும் நான்தான் அடியை எண்ணினேன். ஒரு சுற்று, இரண்டு சுற்று. சேகர் மூட்டையை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். நான் லெட்டரைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி, மடித்து, சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "திங்கக்கிழமை ஒரு சின்ன லோடு இருக்கு. வந்து பாருங்க சார், நான் ஏறுறத" என்றார்.

போகாமல் இருந்திருக்கலாம். யாரும் போகச் சொல்லவில்லை. என் கைவேலையைப் பார்க்கும் ஆசையில் லீவு சொல்லிவிட்டுப் போனேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கரூர் ரோட்டு பஸ் பிடித்து, ஜீயபுரத்தில் இறங்கி, வாய்க்கால் ஓரமாக நடந்தேன். லாரி கரை மேல் நின்றது. தோப்பு பள்ளத்தில். நடுவில் வாய்க்கால். வாய்க்காலுக்குக் குறுக்கே, தோப்பு வரப்பிலிருந்து லாரியின் பின்பக்கம் வரை ஒரு நீளப் பலகை சாய்வாகக் கிடந்தது.

அவர்கள் வேலை செய்யும் முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நடந்தது புரியாது. செட்டில் சேராத இரண்டு பேர் தாரைத் தூக்கி, தலையில் கட்டிய சும்மாட்டின் மேல் வைத்துவிடுவார்கள். தலையில் தார் இருக்கிறவர் கழுத்தை நிமிர்த்தவும் முடியாது, திருப்பவும் முடியாது. முன்னால் ஓர் அடி தரைதான் தெரியும். பலகையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் போக வேண்டும். அதனால் பலகையின் நடுவுக்கு வந்ததும் அவர் தன் தாரின் எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும். முதல் தாருக்கு ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், "லாபம்" என்பார்கள். பிறகு இரண்டு, மூன்று என்று போகும். எண் காதில் விழுந்து பத்து அடி நேரம் கழித்துத்தான் பின்னால் வருகிறவர் பலகையில் கால் வைப்பார். லாரிக்குப் பக்கத்தில் ஒரு அம்மா நோட்டோடு உட்கார்ந்து ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு கோடு போடுவார். அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. வெயில் கண்ணில் அடிக்கிறதென்று பலகைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எல்லாமே காதுதான்.

மேஸ்திரி என் பக்கத்தில் வந்து நின்றார். "நீங்கதான் அந்த எக்சர்சைஸ் சாரா? நல்லா ரிப்பேர் பண்ணிக் குடுத்திருக்கீங்களே!"

"அவரோட உழைப்புங்க" என்றேன். வாய் அப்படிச் சொன்னது. மனது வேறு சொன்னது.

சேகரின் முதல் தாருக்கு எண் ஐந்து. பலகையில் ஏறினார். நடுவில் பலகை தாழ்ந்து எழுந்தது. "அஞ்..." என்று பாதி எண் வந்தது. அக்கா திரும்பாமலே கத்தினார்: "யாருய்யா அது? வாயில வெத்தலையா?"

எல்லோரும் சிரித்தார்கள். சேகர் ஏறிப்போய்த் தாரைக் கொடுத்துவிட்டு வந்தார். முகம் சிவந்திருந்தது. இரண்டாவது முறை பதின்மூன்று. அதுவும் காற்றாகத்தான் வந்தது.

"மாமியார் வீட்டுல பேசுற மாதிரி பேசுறானே! சத்தமாச் சொல்லுய்யா!"

அப்போதே எனக்கு ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. கழுத்து நரம்பு, தாடை, காது மடல். ஹாலில் பார்த்த அதே முகம். ஆனால் ஹாலில் பயிற்சி செய்யும்போது அவர் குரலை நான் கேட்டதே இல்லையே என்று அந்த வினாடிதான் நினைத்தேன். ஆறு வாரமும் என் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த மனிதர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைக் கல்லாக இறுக்கி, முதுகைக் கட்டி நிறுத்தியிருக்கிறார். மூச்சு இருக்கிற வரைக்கும் தேக்கு மரம். மூச்சை விட்டால் என்ன ஆகும் என்று நான் பார்க்கவே இல்லை.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். பக்கத்தில் மேஸ்திரி. ஹாலில் லெட்டர் கொடுத்தது நான். இன்னும் ஒரு தடவை பார்க்கலாம் என்று நின்றேன். அந்த ஒரு தடவையை நான் இன்றும் சரி என்று சொல்ல மாட்டேன்.

இருபத்தொன்று. சேகர் பலகையின் நடுவில். எண் வரவில்லை. வாய் திறந்தது, சத்தம் இல்லை. ஒரு கணம் நின்றுவிட்டார். பின்னால் வந்தவர் பத்தடி நேரத்தைக் கணக்குப் பண்ணி, எண் சொல்லியிருப்பார் என்று நினைத்துப் பலகையில் கால் வைத்துவிட்டார். இரண்டு ஆள், இரண்டு தார். பலகை கீழே போய் எகிறியது.

சேகர், "டேய், நில்லு..." என்று கத்த முயன்றார். மூச்சு வெளியே போயிற்று. மூச்சு போன அடுத்த நொடி அவருடைய நடு உடம்பு, முடிச்சு அவிழ்ந்த மூட்டை மாதிரி, இடது பக்கம் சரிந்தது. கால் பலகையின் விளிம்புக்குப் போயிற்று.

"தாரை விடுங்க சேகர்!" என்று கத்தினேன்.

அவர் விடவில்லை. தாரைக் கீழே போட்ட ஆள் என்ற பெயர் அந்தச் செட்டில் யாருக்கும் இல்லை. அது எனக்கும் தெரியும்.

"முதுகு போயிடும். விடுய்யா!"

விட்டார். தார் வாய்க்காலில் விழுந்து, தண்ணீர் என் முகம் வரை தெறித்தது. சேகர் பலகை மேல் முழங்காலும் கையும் ஊன்றி உட்கார்ந்தார். பின்னால் வந்தவர் எப்படியோ பின்வாங்கி வரப்பில் இறங்கிவிட்டார்.

யாரும் சிரிக்கவில்லை. மேஸ்திரி என்னைப் பார்த்து, "யாருய்யா நீ, என் லோடுல வந்து தாரைப் போடச் சொல்றதுக்கு?" என்றார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் சார் என்றவர்தான்.

"தப்பு என்னோடதுங்க. இவர் வேலைக்குச் சரியாயிட்டாருன்னு சொல்லி லெட்டர் குடுத்தது நான். சரியாகலை. இன்னும் கொஞ்ச நாள் வேணும்."

சேகர் பலகையிலிருந்து இறங்கி என் முன்னால் வந்தார். "ஏன் சார் வந்தீங்க? யாரு சார் உங்களை வாயைத் தொறக்கச் சொன்னது? இவ்வளவு பேரு முன்னாடி மானத்த வாங்கிட்டீங்களே." குரல் அப்போது நன்றாகவே வந்தது.

என்னைக் கூப்பிட்டதே அவர்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லும் இடம் அது இல்லை.

மேஸ்திரி விரலை மடக்கினார். "பெரிய லோடுக்கு ஒம்பது நாளு இருக்கு. அதுக்குள்ள ஆகலைன்னா என்னைக் கேக்காதீங்க."

அதுவரை திரும்பாமல் இருந்த அக்கா நோட்டை மூடிவிட்டு முதல் முறையாகத் திரும்பினார். "நான் இத்தனை வருஷமா முகத்தைப் பாத்தா கோடு போடுறேன்? குரல் தெம்பா வந்தா ஆளு தெம்பா இருக்கான். குரல் வரலைன்னா ஆள் ஏறக் கூடாது. ஒம்பதாவது நாள் குரலோட வரட்டும், நான் கோடு போடுறேன். இல்லன்னா மாட்டேன். அவ்வளவுதான்."

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். நான் படிக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்டக்டர் எதையும் பிடிக்காமல் நின்று, "முன்னாடி போங்க, முன்னாடி போங்க, குடமுருட்டி இறங்குறவங்க வாங்க" என்று கத்திக்கொண்டே டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். ஒரு பாட்டிக்குப் பதில் சொன்னார். ஒருத்தரைத் திட்டினார். பஸ் குலுங்கிக்கொண்டே இருந்தது. மனிதர் வாயை மூடவே இல்லை. மேடம் காட்டிய கண்டக்டர் எப்போதும் பேசிக்கொண்டேதான் நின்றார். இத்தனை வருடம் நான் அவருடைய காலையும் இடுப்பையும் மட்டும் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போகும் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார்.

"தப்பு என்னோடதும்தாண்ணே. உள்ள ஃபைல் பாத்துக்கிட்டு இருப்பேன், உங்க எண்ணிக்கை காதுல விழும். எண்ணிக்கை ஓடுது, அப்ப எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு விட்டுடுவேன்." பிறகு, "சேகர் வருவாரா?" என்றார்.

"திட்டிட்டுப் போனாரு மேடம். வர மாட்டாருன்னுதான் தோணுது."

பத்தரை மணிக்கு வந்தார். என்னிடம் பேசவில்லை. பாயை அவரே விரித்துக்கொண்டார். மேடம் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, "இன்னிலேர்ந்து அண்ணன் எண்ண மாட்டாரு. நீங்கதான் எண்ணணும். சத்தமா, லாபத்துலேர்ந்து" என்றார்.

தொண்ணூறு தாங்கிய மனிதர் அன்று பதினொன்றில் விழுந்தார். மூச்சு விட்டுக்கொண்டே, எண்ணிக்கொண்டே உடம்பைப் பிடித்து நிறுத்த அவருக்குத் தெரியவில்லை. தெரியாது என்பதை ஆறு வாரமாக மறைத்து வைத்தது என் சத்தம். பக்கத்துப் பட்டறையில் கேட்டு ஒரு பழைய சென்ட்ரிங் பலகையும் இரண்டு லாரி டயரும் வாங்கி வந்தேன். டயர்களின் மேல் பலகையைப் போட்டு, முதலில் சும்மா நடக்க, பிறகு தலையில் வெறும் கூடையோடு நடக்க, பிறகு மணலோடு. நடுவுக்கு வரும்போதெல்லாம் எண் சொல்ல வேண்டும். நான் கண்ணாடிப் பக்கம் திரும்பி நிற்க மாட்டேன். சுவரைப் பார்த்து நின்று காதை மட்டும் கொடுத்தேன். குரல் இளைத்தால், "இறக்குங்க" என்பேன். அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு மிச்சம்.

ஐந்தாவது நாள் சேகர் என்னிடம் பேசினார். "சுவத்துல என்ன சார் படம் ஓடுது?"

"நீங்க எண்ணுங்க."

"எண்ணிக்கிட்டுத்தானே இருக்கேன். உங்களுக்குக் காது அவுட்டு." பலகை ஆடியது. அவர் பேசிக்கொண்டே ஆடினார், விழவில்லை. அதை அவர் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

எட்டாவது நாள் மேடம் அவரிடம் சொன்னார். "முழு லோடும் ஏற உங்க முதுகு இன்னும் தயாரில்ல. என்னால எண் போட்டு இத்தனை தார்னு எழுதிக் குடுக்க முடியாது. உங்க குரல் எப்ப இளைக்குதோ, அப்ப நிறுத்துங்க. யாரு என்ன சொன்னாலும்."

"நடுவுல நின்னா மேஸ்திரி இடத்தைக் குடுக்க மாட்டாருங்க."

"அது எனக்குத் தெரியல சேகர். முதுகுதான் எனக்குத் தெரியும்."

எனக்கு மேடத்தின் மேல் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. நானாக இருந்தால் "ஒண்ணும் ஆகாது, போங்க" என்று சொல்லியிருப்பேன். யோசித்துப் பாருங்கள், பெல்ட் கட்டியபோது நான் சேர்த்துச் சொன்ன வார்த்தையும் அந்த மாதிரிதான்.

ஒன்பதாவது நாள் மறுபடி ஜீயபுரம் போனேன். இந்த முறை பலகைக்குப் பக்கத்தில் நிற்கவில்லை. அக்காவுக்கு அருகில், பலகைக்கு முதுகைக் காட்டி, ஒரு கவிழ்த்த கூடையின் மேல் உட்கார்ந்தேன். அக்கா ஒரு தடவை என்னைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் நகர்ந்து நிழலில் இடம் கொடுத்தார்.

"லாபம்!"

எட்டுக் குரல். ஒன்று கரகரவென்று, ஒன்று பாட்டு மாதிரி இழுத்து. ஆறாவதாக வந்தது சேகர். "ஆறு!" அக்காவின் பேனா கோடு போட்டது. நான் மூச்சு விட்டேன். பதினாலு, இருபத்திரண்டு, முப்பது. நூறு தாண்டியது, இருநூறு தாண்டியது. வெயில் ஏறியது. ஒவ்வொரு சுற்றிலும் ஏழு குரலுக்கு நடுவில் அந்த ஒரு குரலுக்காகக் காத்திருந்தேன். வந்துகொண்டே இருந்தது. இருநூற்று எழுபது வந்தபோது அதில் ஓரம் கொஞ்சம் தேய்ந்திருந்தது. அக்காவும் பேனாவை ஒரு கணம் நிறுத்தித்தான் கோடு போட்டார். இன்னும் முப்பது நாற்பது தார்தான் மீதி இருக்கும்.

அடுத்த சுற்று. இருநூற்று எழுபத்தேழுக்குப் பிறகு பலகையில் காலடி கேட்கவில்லை. சேகரின் குரல் மட்டும் கீழேயிருந்து வந்தது. பலகையின் அடியில் நின்றுகொண்டு, நல்ல சத்தமாக:

"எழுபத்தெட்டுக்கு நான் வரலை. எனக்குப் போதும். அடுத்த ஆளு போ!"

வேலை நின்றது. மேஸ்திரி நடந்து வரும் சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை. திரும்பினால் ஏதாவது பேசிவிடுவேன் என்று பயம்.

"என்னடா, இன்னும் கையளவு தார்தான் கிடக்கு. இப்ப போய் உக்காருறே?"

"இதுக்கு மேல ஏறுனா நடுப் பலகையில நின்னுடுவேன் மேஸ்திரி. கீழயே நிக்கிறேன்."

அக்கா நோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "போன தடவ வாயைத் தொறக்காமப் போயி நடுவுல நின்னான். இன்னிக்கு வாயைத் தொறந்து சொல்லிட்டு நிக்கிறான். வெயிலு ஏறுது. யாராவது வந்து எண்ணைச் சொல்லுங்கய்யா, நான் கோடு போடணும்."

பிறகு யாரோ சும்மாட்டை உதறிக் கட்டும் சத்தம். தாரைத் தூக்கிவிடுகிறவர்கள், "ஐயோ, நீங்க எதுக்கு?" என்றார்கள். பலகை கிரீச்சென்று தாழ்ந்தது.

"இருநூத்தி எழுபத்தெட்டு!"

மேஸ்திரியின் குரல். அக்கா கோடு போட்டார். கீழே இறங்கிவரும்போது மேஸ்திரி, சேகரைத் தாண்டுகிற இடத்தில், "அடுத்த வாரம் வியாழக்கிழமை சின்ன லோடு. நேரத்துக்கு வந்து சேரு" என்று சொன்னது எனக்குக் கேட்டது.

இவ்வளவுதான். சேகர் இன்னும் அந்தச் செட்டில்தான் இருக்கிறார். முழு லோடு ஏறுவதும் உண்டு, நடுவில் நிறுத்துவதும் உண்டு.

அந்தப் பலகையும் டயரும் ஹாலின் மூலையில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். குப்பை என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வாட்ச்மேனிடமும் சொல்லிவையுங்கள்.

என் செருப்பு இன்னும் ஜன்னல் ஓரத்திலேயேதான் கிடக்கிறது. ஒரு நாள் வருவேன். கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நிற்பேன். உள்ளே, போன வாரம் மகள் எண்ணிய அந்த ஐயா தன் வாயால் எண்ணுவது கேட்டால், வந்து எடுத்துக்கொள்கிறேன்.